ஒளியைச் சாயத்தில் பிடித்த வரலாறு

புகைப்படக் கலை பிறந்து முதல் நாற்பது ஆண்டுகள் வரையில், அது நிறங்களைப் பாதியே அறிந்த ஒரு கலையாக இருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் பூசப்பட்ட வெள்ளி புரோமைடு என்னும் உப்பு, சூரிய ஒளியின் நீலத்தையும் ஊதாவையும் மாத்திரம் உணர்ந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுக்கு ஏறக்குறைய முற்றிலும் இணங்காமல் இருந்தபடியால், நீல வானம் படத்தில் வெண்மையாகவும், செந்நிற மலர் கரும்புள்ளியாகவும், மஞ்சள் ஆடை கரிய ஆடையாகவும் பதிவாயின. இந்தக் குறையை நீக்க 1873-ஆம் ஆண்டில் வழி கண்டவர், பெர்லின் நகரத்துத் தொழிற்கல்லூரியில் புகைப்பட இரசாயனம் போதித்து வந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்பவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவகை உலர்தகடுகளை அவர் நிறமாலையின் முன் வைத்துச் சோதித்தபோது, அவை வழக்கத்துக்கு மாறாகப் பச்சை ஒளிக்கும் இணங்குவதைக் கண்டார். காரணத்தைத் தேடிச் சென்றபோது, தகட்டுக்குள் ஒளி தெறித்துச் சிதறாமல் இருப்பதற்காக அதில் ஒரு சாயம் கலக்கப்பட்டிருந்தது என்பதும், அந்தச் சாயத்தைக் கழுவிவிட்டால் பச்சைக்கு இணங்கும் குணமும் உடன் போய்விடுகிறது என்பதும் தெரிய வந்தன.

இதிலிருந்து ஃபோகல் கண்டறிந்த உண்மை எளியது. ஆனால் அதன் பலன் பெரிது. வெள்ளி உப்பு தானாக உறிஞ்ச முடியாத ஒரு நிறத்தை உறிஞ்சவல்ல சாயம் அதன்மேல் படிந்திருக்குமானால், சாயம் பெற்ற சக்தி உப்பைச் சென்றடைந்து, உப்பே அந்நிறத்தைக் கண்டால் உண்டாகும் விளைவை உண்டாக்குகிறது என்பதே அது. அக்காலத்து நிபுணர்களிற் பலர் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். மறு ஆண்டில், பாரிஸ் நகரத்து எட்மண்ட் பெக்கரெல், இலைகளின் பசுமைக்குக் காரணமான குளோரோஃபில்லைத் தகட்டில் ஏற்றி, அது சிவப்பு ஒளிக்கும் இணங்குமாறு செய்து காட்டியபோது, ஃபோகலின் கூற்றுக்கு வலிமை பிறந்தது.

இந்தப் பெக்கரெல்தான், அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பத்தொன்பது வயது இளைஞராகத் தம் தந்தையாரின் ஆராய்ச்சிக்கூடத்தில், அமிலக் கரைசலில் அமிழ்ந்த தகடுகளில் ஒன்றின்மேல் மட்டும் ஒளி விழும்படி செய்து, அவற்றினிடையே மின்னோட்டம் உண்டாவதை 1839-இல் முதன்முதலாகக் கண்டவர். ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்த முதற் சாதனம் திடப்பொருள் மட்டும் கொண்டதன்று, திரவத்தை உள்ளடக்கியது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பெக்கரெலின் கலத்தையும் ஃபோகலின் சாயத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் 1887-இல் வியன்னாவில் ஜேம்ஸ் மோசர் என்பவருக்கு உதித்தது. வெள்ளி உப்புப் பூசிய மின்தகடுகளை அவர் எரித்ரோசின் என்னும் செஞ்சாயத்தில் தோய்த்து ஒளியில் வைத்தபோது, சாயமற்ற தகடுகளைக் காட்டிலும் மின்விளைவு மிகுந்து காணப்பட்டது. இதனை ஒரு சிறு குறிப்பாக மட்டுமே அவர் வெளியிட்டார். சாயமேற்றிய சூரியக் கலத்தின் வித்து அந்தக் குறிப்பில் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

அந்த வித்து எண்பது ஆண்டுகள் முளைக்காமல் கிடந்தது. புகைப்படத் தொழிலோ சாயங்களை ஆயிரக்கணக்கில் சோதித்துச் செழித்தது. ஆனால் சாயத்திலிருந்து உப்புக்குச் செல்வது எலெக்ட்ரானா, வெறும் சக்தியா என்ற கேள்விக்குத் திட்டமான விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத வரையில் அதனை மின்சாரத்துக்குப் பயன்படுத்தும் நோக்கமும் எவருக்கும் எழவில்லை. இதற்கிடையில், 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் செய்த சிலிக்கான் கலம், தன்மேல் விழுந்த சூரிய சக்தியில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கியது; உலகத்தின் கவனம் முழுவதும் அத்திசையில் திரும்பிற்று.

சிலிக்கான் கலத்துக்கும் சாயக் கலத்துக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையை இங்கே விளக்கிவிடுவது நலம். சிலிக்கானில், ஒளியை உறிஞ்சும் வேலையும், அதனால் விடுபட்ட மின்னூட்டங்களைப் பிரித்துக் கொண்டுசெல்லும் வேலையும் ஒரே பொருளின் பொறுப்பு. ஆதலால் அப்பொருள் குற்றமற்ற படிகமாகவும் மிகுந்த தூய்மையுடையதாகவும் இருந்தே தீரவேண்டும். அத்தூய்மையைப் பெறுவதற்குப் பெரும் உஷ்ணமும் பெரும் பொருட்செலவும் வேண்டும். சாயக் கலத்திலோ உழைப்பு பங்கிடப்பட்டிருக்கிறது. சாயம் ஒளியை ஏற்று எலெக்ட்ரானை விடுகிறது. அருகிலுள்ள குறைக்கடத்தி ஆக்ஸைடு அந்த எலெக்ட்ரானைப் பெற்று வெளிக்கம்பிக்குச் சுமந்து செல்கிறது. சாயம் இழந்ததை, கலத்துக்குள் இருக்கும் திரவம் ஈடுசெய்கிறது. இந்தப் பங்கீட்டினால் எந்த ஒரு பொருளும் மிகத் தூயதாக இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீங்குகிறது. இக்கலத்தின் மலிவுக்கு அதுவே காரணம். ஆனால் எலெக்ட்ரான் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் சக்தியில் ஒரு பகுதி கழிந்துபோகிறது. திறன் குறைவுக்கும் அதுவே காரணம். அந்தக் கழிவை எவ்வெவ்விடத்தில் எப்படிக் குறைத்தார்கள் என்பதே இக்கலத்தின் வரலாறு என்பது என் கருத்து. புதுச் சாயம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, திறன் உயர்ந்தது என்று எழுதிச் செல்லும் வரலாறுகள் இந்த உண்மையை மறைத்துவிடுகின்றன.

1960-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹைன்ஸ் கெரிஷரும் அவருடைய மாணவர் ஹெல்முட் திரிபுட்ஷும் பழைய கேள்விக்கு மின்வேதியியல் வழியே விடை கண்டனர். துத்தநாக ஆக்ஸைடின் ஒற்றைப் படிகத்தைக் கரைசலில் நிறுத்தி, அதன்மேல் சாயம் படியவைத்து ஒளி பாய்ச்சினால், ஒளியால் கிளர்ச்சியுற்ற சாயத்திலிருந்து எலெக்ட்ரானே நேராக ஆக்ஸைடுக்குள் புகுகிறது என்பதை 1968-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. பின்னர் திரிபுட்ஷ், ஒளிச்சேர்க்கையின் கரிப்பாதையை விளக்கி நோபெல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினுடன் சேர்ந்து, குளோரோஃபில்லையே படிகத்தின்மேல் ஏற்றிப் பார்த்தார்.

தத்துவம் விளங்கிற்று, பயன் விளையவில்லை. வழவழப்பான படிகத்தின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படிந்த சாயம், தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. சாயத்தைத் தடிப்பாக ஏற்றினால் ஒளி உறிஞ்சப்படும். ஆனால் ஆக்ஸைடைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதல் அடுக்கு மட்டுமே எலெக்ட்ரானை ஒப்படைக்க வல்லதாகையால், மேலடுக்குகள் உறிஞ்சிய சக்தி வெறும் உஷ்ணமாகக் கழியும். தொடவேண்டும், தொட்டால் ஒளி போதாது. ஒளி வேண்டும், ஒளிக்குத் தக்க தடிப்பு வைத்தால் தொடர்பு அறும். இந்த இரண்டுக்கும் நடுவே இத்துறை பல ஆண்டுகள் தவித்தது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்து உலக நாடுகள் மாற்றுச் சக்திகளைத் தேடத் தொடங்கிய பின், ஜப்பானின் ஒசாகா சர்வகலாசாலையில் ட்சுபோமுராவும் அவர் தோழர்களும், துத்தநாக ஆக்ஸைடுத் தூளை அழுத்திச் சுட்டு நுண்துளைகளுள்ள வில்லையாக்கி, அதில் ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தை ஏற்றினார்கள். துளைகளின் உட்சுவர்களிலும் சாயம் படிந்தமையால், அச்சாயம் விரும்பும் ஒற்றை நிற ஒளியில் நூற்றுக்கு 1.5 திறன் கிடைத்தது. 1976-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு உரிய மதிப்பை வரலாறு இன்னும் முழுவதும் அளிக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன். ஏனெனில், பின்னர் லோசானில் பெரிதாக மலர்ந்த கருத்தின் பாதி அதில் இருந்தது.

லோசான், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் அமைந்த நகரம். அங்குள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1977-இல் வந்து சேர்ந்த மைக்கேல் கிரெட்செல், 1944-இல் ஜெர்மனியின் சாக்ஸனி மாகாணத்தில் பிறந்தவர். அவர் குழுவின் முதல் நோக்கம் சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் பெறுவது. டைட்டானியம் டை ஆக்ஸைடை ஒளியில் வைத்து நீரைப் பிளக்கலாம் என்று ஜப்பானியர்களாகிய ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டியிருந்தார்கள். ஆனால் வெள்ளைச் சாந்துப் பொருளாகச் சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் பற்பசையிலும் உலகெங்கும் கலக்கப்படும் அந்த ஆக்ஸைடு, வெண்மையாக இருப்பதனாலேயே, புற ஊதாக் கதிரைத் தவிரக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை ஏற்காது. அதற்கு நிறம் ஏற்ற வேண்டும். அதற்குரிய சாயமாக ருதீனியம் என்னும் உலோகத்தின் செந்நிறச் சேர்மங்களை லோசான் குழுவினர் தேர்ந்தெடுத்தனர்.

அந்தச் சேர்மங்களின் ஒளி இயல்புகளை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம்மவர். நோத்ர தாம் சர்வகலாசாலையிலும் பின் இலண்டனிலும் பயின்று லோசானுக்குச் சென்ற கல்யாணசுந்தரம், ருதீனியச் சேர்மங்களின் ஒளி வேதியியலைக் குறித்து 1982-இல் எழுதிய நீண்ட ஆய்வுரை, அத்துறையில் நுழைவோர் அனைவரும் கற்கும் நூலாயிற்று. பிற்காலத்தில் சாயக் கலங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் அவர் பதிப்பித்தார். தமிழ் வாசகர்கள் அவரை வேறொரு தொண்டினால் அறிவார்கள். கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கு இடம் அரிதாக இருந்த நாளில் மயிலை எழுத்துருவை ஆக்கி அளித்தவரும், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை எல்லோரும் விலையின்றிப் பெற வகை செய்தவரும் அவரே. பகலில் ருதீனியமும் இரவில் திருக்குறளும் என்று ஒரு வாழ்க்கை அமைவது சாமானியமன்று. இதனைச் சொல்லாமல் இவ்வரலாற்றைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1985-இல் லோசான் குழு, கரடுமுரடாகச் செய்யப்பட்ட டைட்டானியம் டை ஆக்ஸைடுப் பரப்பின்மேல் ருதீனியச் சாயம் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட நிறத்து ஒளித்துகள்களில் நூற்றுக்கு 44 வரை மின்னோட்டமாக மாற்றிக் காட்டியது. அமெரிக்க இளைஞர் பிரையன் ஓ'ரீகன் குழுவில் வந்து சேர்ந்தபின், அந்தக் கரடுமுரடு வேறு உருவம் பெற்றது. பதினைந்து நானோமீட்டர் அளவுள்ள ஆக்ஸைடுத் துகள்களைக் கூழாகக் கண்ணாடியின்மேல் பூசிச் சூடேற்றினால், துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இடையிடையே கணக்கற்ற துளைகளுள்ள படலம் உண்டாகிறது. பத்து மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள அப்படலத்தின் உள்ளே, வெளிப்பரப்பைப்போலப் பல நூறு மடங்கு பரப்பு மறைந்து கிடக்கிறது. ஒவ்வொரு துகளின்மேலும் சாயம் ஒற்றை அடுக்காகவே படியும். ஒவ்வொரு மூலக்கூறும் ஆக்ஸைடைத் தொட்டுக்கொண்டேயிருக்கும். ஆயினும் ஒளி அத்தனை அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லவேண்டியிருப்பதால் பெரும்பகுதி உறிஞ்சப்படும். தவிப்பு தீர்ந்தது.

1991-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி வெளிவந்த ‘நேச்சர்’ பத்திரிகையில் ஓ'ரீகனும் கிரெட்செலும் எழுதிய கட்டுரை, செயற்கைச் சூரிய ஒளியில் நூற்றுக்கு 7.1 முதல் 7.9 வரையும், மேகம் மூடிய பகலில் கிடைக்கும் சிதறிய ஒளியில் நூற்றுக்கு 12 வரையும் திறன் பெற்றதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு பௌதிக விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தியதற்குக் காரணம் உண்டு. இலட்சக்கணக்கான துகள்கள் ஒட்டிக் கிடக்கும் படலத்தில், ஒட்டுகள் எல்லாம் குறைகளே. சிலிக்கானில் இத்தகைய குறைகள் ஒன்றிரண்டு இருந்தாலும் எலெக்ட்ரான் அங்கே சிக்கி, தன் எதிர் மின்னூட்டத்தோடு கலந்து அழிந்துவிடும். இங்கே அது அழியாததற்குக் காரணம், ஆக்ஸைடுக்குள் எதிர் மின்னூட்டமே இல்லை என்பதுதான். அது சாயத்திலும் பின் திரவத்திலும் தங்கிவிடுகிறது. உழைப்பைப் பங்கிட்டதன் பயன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் சாயம் செப்பனிடப்பட்டது. ஹைதராபாதின் உஸ்மானியா சர்வகலாசாலையில் பயின்று லோசானுக்குச் சென்ற முகமது காஜா நஸீருத்தீன், ருதீனியத்தோடு இரண்டு தயோசயனேட்டுத் தொகுதிகளை இணைத்து ஆக்கிய சாயம், சிவப்பு ஒளியின் எல்லை வரை உறிஞ்சியதோடு, தன் கார்பாக்ஸில் கொக்கிகளால் ஆக்ஸைடை இறுகப் பற்றிக்கொண்டு, மிக மிகக் குறுகிய நேரத்தில் எலெக்ட்ரானை அதனுள் செலுத்தியது. 1993-இல் திறன் நூற்றுக்கு 10-ஐ எட்டிற்று. அதே காலத்தில் சிறு சிறு உபாயங்களும் சேர்ந்தன: டைட்டானியம் குளோரைடுக் கரைசலில் படலத்தைத் தோய்த்துத் துகள்களின் பிணைப்பை வலுப்படுத்துவது, திரவத்தில் பிரிடீன் வகைச் சேர்மம் ஒன்றைக் கலந்து, எலெக்ட்ரான் பின்வாங்காமல் தடுத்து மின்னழுத்தத்தை உயர்த்துவது, படலத்தின் பின்னால் பெரிய துகள்களை ஓரடுக்கு வைத்து, தப்பிச்செல்லும் ஒளியை மீண்டும் உள்ளே சிதறச் செய்வது. பித்தநீரில் உள்ள ஓர் அமிலத்தைச் சாயத்தோடு கலந்தால், சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு கெடாமல் விலகி நிற்கின்றன என்ற கண்டுபிடிப்பும் அக்காலத்ததே. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவும் பொருள் ஒன்று சூரியக் கலத்தின் திறனை உயர்த்துவதற்கு வந்து வாய்த்தது, ஆராய்ச்சிக்கூடத்தில் எந்தப் பொருளையும் அற்பமென்று தள்ளாதவர்களுக்குக் கிடைத்த பரிசு.

2001-இல் கருஞ்சாயம் என்று பெயர்பெற்ற புதிய ருதீனியச் சேர்மம் 10.4-ஐத் தந்தது; 2006-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனத்தார் 11.1-ஐ எட்டினார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது நூற்றுக்கு ஒன்றே. உலகெங்கும் நூற்றுக்கணக்கான சாயங்கள் ஆக்கப்பட்ட காலத்தில் இப்படி நிகழ்ந்ததென்றால், தடை சாயத்தில் இல்லை, வேறிடத்தில் இருந்தது என்பதே பொருள்.

அது அயோடினில் இருந்தது. சாயம் இழந்த எலெக்ட்ரானை மீட்டுத் தருவதற்கு ஆரம்பம் முதல் அயோடைடு கலந்த கரைசலே பயன்பட்டு வந்தது. அதனை விடமுடியாததற்குத் தக்க காரணம் இருந்தது: ஆக்ஸைடில் ஓடும் எலெக்ட்ரானை வழிமறித்துப் பறித்துக்கொள்வதில் அயோடின் மிக மந்தமானது, எலெக்ட்ரான் தப்பி வெளிக்கம்பியை அடைய அவகாசம் கிடைக்கிறது. ஆனால் சாயத்தை மீட்கும் வினை ஒரே படியில் முடிவதன்று; இடையில் ஒரு நிலையற்ற அயனி தோன்றி, அது மேலும் மாறுதலடைந்த பிறகே சுற்று முடிகிறது; அதனால் வோல்ட்டில் பாதிக்கும் அதிகமான அழுத்தம் வீணாகிறது. மேட்டு ஏரியிலிருந்து வயலுக்கு வரும் கால்வாய், நடுவழியில் ஓராள் உயரம் கீழே விழுந்து ஓடுமானால், எத்தனை நீர் வந்தாலும் இழந்த உயரத்தை அந்நீர் மீண்டும் பெறாது. அயோடினும் அவ்வாறே செய்தது. கிடைத்த மின்னோட்டம் நிறைவாக இருந்தது. மின்னழுத்தமோ ஏழெட்டுப் பத்திலொரு வோல்ட்டைத் தாண்டவில்லை. அயோடின் உலோகத்தை அரிக்கும் என்பதும், தானே ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அதன் மற்றக் குற்றங்கள்.

திரவத்தையே நீக்கிவிடலாம் என்ற முயற்சி இலங்கையில் சிறப்பாக நடந்தது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். கண்டியில் ஹந்தானை மலைச்சாரலில் அமைந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், கீர்த்தி தென்னகோனும் அவருடைய சகாக்களும், திரவத்துக்குப் பதிலாகச் செம்பு அயோடைடு என்னும் திடப்பொருளைத் துளைகளுக்குள் நிரப்பி, மலர்களுக்குச் செந்நிறம் தரும் சயனிடின் என்னும் இயற்கைச் சாயத்தைக் கொண்டு 1995-இல் ஒரு கலம் அமைத்தார்கள். நுண்துளைப் படலத்தில் அமைந்த திடச் சாயக் கலங்களுள் இது முன்னோடி. செம்பு அயோடைடு பெரிய படிகங்களாக வளர்ந்து துளைகளுக்குள் சரியாக நுழையாமலும், நாளடைவில் தொடர்பு அறுந்தும் தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் களைவதிலேயே கண்டியின் ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் செலவிட்டனர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வசதிகள் குறைந்த ஒரு கூடத்திலிருந்து, லோசானும் டோக்கியோவும் கவனித்துப் படித்த கட்டுரைகள் வெளிவந்தன. லோசானிலும் 1998-இல் ஒரு கரிமத் திடப்பொருளைக் கொண்டு அதே முயற்சி நடந்தது. தொடக்கத்தில் அதன் திறன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அயோடினுக்கு மாற்றாகக் கோபால்ட்டுச் சேர்மங்களை முன்பே சிலர் சோதித்திருந்தனர். அவை ஒரே படியில் சாயத்தை மீட்கும். ஆனால் அதே வேகத்தில் ஆக்ஸைடிலுள்ள எலெக்ட்ரானையும் பறித்துக்கொள்ளும். சுவீடனின் உப்சாலா சர்வகலாசாலையில் ஹாக்ஃபெல்டும் போஷ்லோவும் அவர்கள் மாணவர்களும் 2010-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். திரவத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, அவர்கள் சாயத்தைத் திருத்தினார்கள்: மூலக்கூறின் பக்கங்களில் நீண்ட கரிமக் கிளைகளைப் பொருத்தி, கோபால்ட்டு அயனி ஆக்ஸைடை அணுக முடியாமல் வேலியிட்டார்கள். மறு ஆண்டிலேயே லோசான் குழு, தைவான் நாட்டு வேதியியலார் ஆக்கிய துத்தநாகப் போர்ஃபிரின் சாயத்தோடு இம்முறையைக் கையாண்டு நூற்றுக்கு 12.3-ஐ அடைந்தது, அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அஸ்வனி யெல்லா என்னும் இந்தியர். மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கிற்று. இலையின் குளோரோஃபில்லும் இரத்தத்தின் ஹீமும் சேர்ந்த குடும்பம் போர்ஃபிரின். அரிய உலோகமாகிய ருதீனியம் இல்லாமலே, இவ்வினத்துச் சாயமொன்று அதனை வென்றது. 2014-இல் அதே வழியில் 13-ம், மறு ஆண்டில் ஜப்பானில் சிலிக்கான் கொக்கிகளால் ஆக்ஸைடைப் பற்றும் சாயத்தோடு 14.3-ம் கிடைத்தன.

இதே காலத்தில் ஒரு பெரும் திசைதிருப்பம் நேர்ந்தது. ஜப்பானின் யோகஹாமாவில் மியாசாகாவும் அவர் மாணவர் கோஜிமாவும், சாயத்துக்குப் பதிலாக ஈய ஹாலைடுப் பெரோவ்ஸ்கைட்டு என்னும் படிகத்தை இக்கலத்தில் ஏற்றி, 2009-இல் நூற்றுக்கு 3.8 திறன் பெற்றிருந்தார்கள். திரவத்தில் அப்படிகம் சில நிமிஷங்களிலேயே கரைந்துவிட்டது. திரவத்தை நீக்கித் திடப்பொருளை வைத்தபோது, 2012-இல் அது பத்தை எட்டியது. பின்னர் இருபத்தைந்தையும் கடந்தது. சாயக் கலத்தில் உழைத்த பல குழுக்கள், பொருளுதவியும் மாணவர்களும் சென்ற வழியே பெரோவ்ஸ்கைட்டுக்குச் சென்றன. அதில் குற்றம் காண இடமில்லை; ஆனால் சாயக் கலத்தின் வளர்ச்சி தன் இயல்பான முடிவை அடைந்துவிட்டது என்று அக்காலத்தில் பரவிய எண்ணம் சரியானதன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே கூறிய எண்களிற் பல, ஒரு சதுர சென்டிமீட்டரிலும் குறைந்த பரப்புள்ள கலங்களில் அளக்கப்பட்டவை. திரவமாக அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானைக் கொண்டவை. அது 82 டிகிரியில் கொதிப்பது. வெயிலில் காயும் கூரைக்கு எவ்வாற்றானும் ஏற்றதன்று. ஆராய்ச்சிக்கூடத்துத் திறனுக்கும் தொழிற்சாலைத் திறனுக்கும் இடையே நின்ற இந்த இடைவெளியைப் பத்திரிகைச் செய்திகள் மறைத்துவிட்டதனால்தான், இன்றோ நாளையோ சிலிக்கானை இது வீழ்த்திவிடும் என்ற ஆசையும், பிறகு ஏமாற்றமும் பிறந்தன. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் எழுந்த ஆலையிலிருந்து 2009-இல் முதல் வாணிபச் சரக்கு வெளிவந்தது. அது கூரைகளுக்கு அன்று, தோளில் சுமக்கும் பைகளுக்கு. லோசான் கல்லூரியிலேயே, 2014-இல் திறக்கப்பட்ட மாநாட்டு மண்டபத்தின் மேற்கு முகப்பு, சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமான சாயக் கலங்களால் ஏறத்தாழ 300 சதுர மீட்டர் பரப்புக்கு அணிசெய்யப்பட்டது. ஒளி ஊடுருவும் வர்ணக் கண்ணாடியாக அவை மண்டபத்துக்குள் வெயிலைத் தணித்துக்கொண்டே மின்சாரமும் தருகின்றன.

1991-ஆம் ஆண்டுக் கட்டுரையில், சிதறிய பகலொளியில் நூற்றுக்கு 12 என்று ஒரு வாக்கியம் இருந்தது. நேர் வெயிலைவிட மங்கலான ஒளியில் இக்கலத்தின் திறன் உயர்கிறது என்பதே அதன் கருத்து. கால் நூற்றாண்டு வரை அதனைப் பெரும்பாலோர் ஒரு சிறு விசேஷமாகக் கருதிக் கடந்து சென்றது வருந்தத் தக்கது. மங்கிய ஒளியில் சிலிக்கானின் அழுத்தம் விரைவாக வீழ்கிறது. சாயக் கலத்தின் அழுத்தம் மெல்லவே குறைகிறது. மேலும் இக்கால வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சாயம் விரும்பும் நிறங்களுக்குள் அடங்கியது. 2017-இல் லோசானில் மரீனா ஃப்ரைடாக்கும் ஹாக்ஃபெல்டும் கிரெட்செலும் பிறரும், கோபால்ட்டுக்குப் பதிலாகச் செம்புச் சேர்மத்தையும் இரண்டு சாயங்களின் கலவையையும் கொண்டு, நேர் வெயிலில் 11.3 திறனுள்ள ஒரு கலம், அலுவலக மேசையின்மேல் விழும் 1000 லக்ஸ் விளக்கொளியில் நூற்றுக்கு 28.9 தருவதைக் காட்டினார்கள். செம்புச் சேர்மம் எலெக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் மாறும்போது தன் வடிவத்தைக் குறைவாகவே மாற்றிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்ததால், பத்தில் ஒரு வோல்ட்டு அளவான இழப்போடு சாயம் மீட்கப்பட்டது. அயோடின் விழுங்கிய உயரத்தில் பெரும்பகுதி அங்கே திரும்பக் கிடைத்தது. சுவீடனில் இப்போது இத்தகைய கலங்களைக் காதில் அணியும் ஒலிக்கருவிகளின் தலைப்பட்டையில் பொருத்தி விற்கிறார்கள். வெப்பமானிக்கும் கதவுணரிக்கும் பட்டறைக் கருவிக்கும் மின்கலம் மாற்றும் தொல்லையை நீக்குவதற்கு இது ஏற்ற சாதனம்.

2022-ஆம் ஆண்டு இறுதியில் லோசானிலிருந்து வெளிவந்த ஆய்வு, திறனை 15.2-க்கு உயர்த்தியது. புதிய சாயங்களைவிட, அவற்றை ஏற்றும் முறையிலேயே அதன் சிறப்பு இருந்தது. ஹைட்ராக்ஸமிக் அமில வகைச் சேர்மம் ஒன்றை முதலில் ஆக்ஸைடின்மேல் ஓரடுக்காகப் படியவைத்து, அதன் பின்னரே இரண்டு சாயங்களையும் ஏற்றியபோது, அவை தாறுமாறாக ஒட்டாமல் ஒழுங்காக நெருங்கி நின்றன, 500 மணி நேரம் இயங்கியும் கலம் நிலைத்தது, 2.8 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலங்கள் அறை விளக்கில் 28.4 முதல் 30.2 வரை தந்தன. ஃபோகலின் காலத்திலிருந்து எல்லோரும் சாயத்தின் நிறத்தைப் பற்றியே ஆலோசித்து வந்திருக்க, சாயம் தோய்வதற்கு முன் பரப்பை எவ்வாறு தயார் செய்வது என்பதற்கு அத்தனை கவனம் கிடைத்ததில்லை. இனி எஞ்சியிருப்பது 700 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள செவ்வொளியும் அகச்சிவப்பும். அந்த ஒளியை உறிஞ்சும் சாயங்கள் பல உண்டு. ஆனால் அவற்றில் கிளர்ச்சியுற்ற எலெக்ட்ரானின் சக்தி, டைட்டானியம் டை ஆக்ஸைடுக்குள் புகுவதற்கும் திரவத்திலிருந்து ஈடு பெறுவதற்கும் ஒருசேரப் போதுமானதாக இருப்பதில்லை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று குறைகிறது. ஆக்ஸைடையே மாற்றுவதா, இழப்பு இன்னும் குறைந்த செம்புச் சேர்மத்தைத் தேடுவதா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கலங்களை அடுக்குவதா என்று இப்போது ஆராய்ச்சியாளர் ஆலோசித்து வருகிறார்கள்.